ரைட்டர் எழுதின வார்த்தை

இங்க யாரும் வர்றாங்களாம்மா? இல்லைல்ல? கொஞ்சம் தள்ளிக்கோ தாயி. முழங்கால் விட்டுப் போச்சு. நாப்பது நிமிசம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். இடம் இல்லாம இல்ல. ஒரு சீட்டு காலியாத்தான் கிடந்துச்சு. உக்கார முடியல, அவ்வளவுதான். ஏன்னு பிறகு சொல்றேன்.

உனக்கு என்ன கேசு? ஜீவனாம்சமா? அடப் பாவமே, இந்த வயசுல. எத்தனாவது வாய்தா? எனக்கு இது ஒம்போதாவது. ஒரு நாள் ஜட்ஜு லீவு, ஒரு நாள் வக்கீலுங்க ஸ்ட்ரைக்கு, ஒரு நாள் கரண்ட் இல்ல. இப்படியே ரெண்டு வருசம் ஓடிருச்சு. ஓடினது எனக்கு நல்லதாத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் கண்டிப்பாக் கூப்பிட்டுருவாங்களாம், குமாஸ்தா சொல்லிட்டாரு.

என்னது, தண்ணியா? வேணாம்மா, வேணாம். தப்பா நினைக்காத. எனக்கு வெளித்தண்ணி ஒத்துக்காது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். இந்தா, டீக்காரர் வர்றாரு. ஏங்க, இங்க ஒரு டீ. சீனி கம்மியா. உனக்கு? சரி.

எந்த ஊருன்னு சொன்ன? ஓ, அந்த ஊரா. அங்க மேலத்தெருவா, கீழத்தெருவா? சும்மாதான் கேட்டேன். எங்க ஆளுக நாலஞ்சு வீடு அங்க உண்டு, அதான்.

நான் குத்தவாளி இல்லம்மா. முகத்தைப் பாத்தாத் தெரியலையா? நான் சாட்சி. முதல் சாட்சி. பெட்டிசன் கொடுத்ததே நான்தான். தெய்வநாயகின்னு டவாலி கூப்பிடுவான், கொஞ்சம் காதுல போட்டுக்கோ. எனக்கு இடது காது மந்தம்.

அந்தா, பைக்கு நிறுத்துற தகரக் கொட்டகைகிட்ட ஒருத்தி நிக்குறாளே, மஞ்சச் சேலை, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு. பாக்காத, பாக்காத. அவ பேரு ஞானசுந்தரி. சுந்தரின்னுதான் கூப்பிடுவோம். எங்க எதிர்வீடு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாக்குறா. அவ மேலதான் கேசு. பஸ்ஸுல அந்தக் காலி சீட்டும் அவ பக்கத்துச் சீட்டுதான். என்னைப் பாத்ததும் ஜன்னல் ஓரமா ஒதுங்கி, "உக்காருங்க"ன்னா. அதுக்கப்புறம் எப்படி உக்கார?

என்ன பண்ணினாளா? கெட்ட வார்த்தை பேசினா. பொது இடத்துல அசிங்கமாத் திட்டினா. அதுதான் கேசு. அப்படித்தான் எழுதியிருக்கு.

நான் அப்படி வளரலம்மா. எங்க வீட்டுல "சனியனே"ன்னு சொன்னா வாயில சூடு விழும். ஒருத்தர் செத்துட்டார்னு கூடச் சொல்ல மாட்டோம், தவறிட்டார்னுதான் சொல்லுவோம். என் வாயில இருந்து இதுவரைக்கும் ஒரு "நாயே" வந்தது கிடையாது. வீட்டுல பாத்திரம் கழுவ வர்ற பொம்பளையக் கூட வாம்மா போம்மான்னுதான் பேசுவேன். பின்பக்க வாசல் வழியாத்தான் வரச் சொல்லுவேன், ஆனா அதையும் அம்மா போட்டுத்தான் சொல்லுவேன். மரியாதைன்னா எனக்கு உசுரு.

சுந்தரி வாய் இருக்கே, அது வேற வாய். பதினெட்டு வருசத்துக்கு முன்னாடி அவ குடி வந்த அன்னைக்கு நான் ஜன்னலை எல்லாம் சாத்தினேன். காலையில எந்திரிச்சா சூரியனையே திட்டுவா. "வந்துட்டான் எடுபட்ட பய, எரிக்கிறதுக்கு"ம்பா. தண்ணி ஏறலைன்னா மோட்டாரைத் திட்டுவா, பத்தலைன்னா அடுப்பைத் திட்டுவா. காய்க்காரர் வண்டிய நிறுத்தினா, "ஏய்யா கட்டையில போறவனே, இது வெண்டைக்காயா, உங்க தாத்தன் விரலா?"ம்பா. அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு காய் கூடப் போடுவாரு. நானும்தான் அவரை "ஐயா"ன்னு கூப்பிட்டு வாங்குறேன், ஒரு கொத்தமல்லித் தழை சும்மா கொடுத்ததில்ல.

ஆஸ்பத்திரியிலயும் அதே வாய்தான். ஊசிக்கு அழுவுற தடி ஆம்பளைங்கள, "ஏண்டா எருமை, பிள்ளை பெத்தவளே சத்தமில்லாமக் கிடக்கா, உனக்கு என்னடா கேடு"ன்னு ஒரு அதட்டு. அழுதவன் சிரிச்சிருவான். சாகக் கிடந்த கிழவி ஒருத்தி, கடைசி வரைக்கும் "அந்தத் திட்டுற பிள்ளையக் கூப்பிடு"ன்னே கேட்டுச்சாம்.

என்னையும் விட மாட்டா. நான் மூத்தவ, அதுக்காக அக்கா. மத்தபடி, "எக்கா, ஏ மூதேவி, கதவைத் திற, கொடியில துணி நனையுது." "எக்கா, எழவெடுத்தவளே, உன் கருவேப்பிலையில ரெண்டு கொத்து ஒடிச்சுக்கிட்டேன்." ஆரம்பத்துல எனக்கு உடம்பெல்லாம் கூசும். ரெண்டு வருசம், மூணு வருசம் போச்சு. அப்புறம் எப்பன்னு தெரியல, சாயங்காலம் அவ டியூட்டி முடிஞ்சு தெருமுனையில திரும்பும்போதே நாயையோ சைக்கிள்காரனையோ திட்டுற சத்தம் கேக்கும். கேட்டதும் நான் கதவைத் திறந்து வச்சிருவேன். அவகிட்ட அதைச் சொன்னது இல்ல.

டீ நல்லா இருக்கு, இல்ல? கொஞ்சம் தண்ணியா இருக்கு, பரவால்ல.

எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு மத்தியானம். சோத்துல கை வச்சவரு அப்படியே சாய்ஞ்சிட்டாரு. நான் கத்துறேன், வாயில காத்துதான் வருது. சுந்தரி எப்படி வந்தான்னு தெரியல. தோள்ல சாச்சுத் தூக்கிட்டா. அவரு எழுபத்தஞ்சு கிலோ. ஆட்டோக்காரனைத் திட்டினா, குறுக்க வந்த லாரியத் திட்டினா, வீல்சேர் தள்ளிக்கிட்டு ஆடி அசைஞ்சு வந்தவனைத் திட்டினா. எல்லாத்தையும் விட அவரைத்தான் ரொம்பத் திட்டினா. "யோவ், செத்துத் தொலைச்சிராதய்யா, மூதேவி, உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது, கண்ணைத் திறய்யா நாசமாப் போறவனே"ன்னு கன்னத்துல தட்டுறா. ஆட்டோவுல அவ பாட்டில் தண்ணிய அவரு வாயில ஊத்தினா. அவரு குடிச்சாரு. உயிர் போற நேரம், குடிச்சாரு. டாக்டர் சொன்னாரு, இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா இல்லைன்னு. தாலிய எடுத்துக் கொடுத்தவ அவதான். நான் மறக்கலம்மா. யாரு கேட்டாலும் சொல்லுவேன்.

அவ ஆஸ்பத்திரியிலதான் ஒரு வாரம் இருந்தோம். டியூட்டிக்கு வரும்போது எனக்கு பிளாஸ்குல காப்பி கொண்டாந்து வைப்பா. "குடிச்சுத் தொலை, நீயும் விழுந்தா ரெண்டு பேரை நான் தூக்கணும்"பா. அவ போனதும் நான் அதை வாஷ்பேசின்ல ஊத்திட்டு, கேண்டீன்ல வாங்கிக் குடிச்சுக்குவேன். பிளாஸ்கை நல்லாக் கழுவித்தான் திருப்பிக் கொடுப்பேன். எனக்குத்தான் ஒத்துக்காதுன்னு சொன்னேனே. அவ மனசு நோகக்கூடாதுன்னுதான் ஊத்தினது. வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லலாமா? பதினாறு வருசமும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு, அதிரசம் எல்லாம் கொண்டு வருவா. சிரிச்ச முகமா வாங்கிக்குவேன். ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல.

என்ன? டீயா? அது கொதிச்சதும்மா. கொதிச்சதுல ஒண்ணும் இருக்காது.

காப்பியும் கொதிச்சதுதான்... அது வேற விடு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் எவர்சில்வர் தூக்கோட வந்து நின்னா. கண்ணெல்லாம் தண்ணி. "எக்கா, வந்துருச்சுக்கா. ரெகுலர் ஆகுற லிஸ்டுல என் பேரு வந்துருச்சு. பதிமூணு வருசம்க்கா, தற்காலிகம் தற்காலிகம்னு. அந்தச் சனியன் புடிச்ச ஆபீசு இப்பத்தான் கண்ணைத் திறந்துச்சு. முதல்ல உனக்குத்தான் கொண்டாந்தேன்"னா. தூக்கு நிறைய கேசரி. நிறைய முந்திரி போட்டிருந்தா. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. அவ கையப் புடிச்சுக்கிட்டு, "ரொம்ப சந்தோசம் சுந்தரி, நீ நல்லா இருக்கணும்"னேன். நெஜமாத்தான் சொன்னேன். தூக்கை அப்படியே உள்ள வச்சேன்.

மறுநாள் காலையில எங்க தெருவுக்குக் குப்பை வண்டி வந்துச்சு. பாட்டுப் போட்டுக்கிட்டு வருமே, அந்த வண்டி. மக்குற குப்பைக்குப் பச்சை வாளி, மக்காத குப்பைக்கு நீல வாளி. எல்லாப் பொம்பளைங்களும் ரெண்டு வாளியோட வாசல்ல நிப்போம். நானும் நின்னேன். சுந்தரி அவ வாளியோட எதிர்த்தாப்புல வந்தா. சிரிச்சுக்கிட்டே என்கிட்ட வந்தா, தூக்கை வாங்கிக்கலாம்னு. என் பச்சை வாளியக் குனிஞ்சு பாத்தா.

கேசரி மேலாக்க இருந்துச்சு. தூக்கைக் கவுத்தினதுல அச்சுக் குலையாம அப்படியே உக்காந்திருந்துச்சு. வெங்காயச் சருகு நாலு மேல கிடந்துச்சு. ஒரு வாய் கூட எடுக்கலைன்னு யாரு பாத்தாலும் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரைம்மா. எனக்கு நெய் ஒத்துக்காது. வேற யாருக்குக் கொடுக்க?

அப்பத்தான் அவ பேசினா. வண்டி கிட்டத்துல நிக்குது, பாட்டு ஸ்பீக்கர் காது கிழியுது. தெருவுல ஒருத்தருக்கும் அவ பேசினது கேக்கல. அவ வாய் அசைஞ்சதைப் பாத்தாங்க, நான் வாளியப் போட்டுட்டு முகத்தைப் பொத்திக்கிட்டு அழுததைப் பாத்தாங்க. அவ்வளவுதான் பாத்தாங்க. சுந்தரி வாய் அசைஞ்சா என்ன வரும்னு தெருவுக்கே தெரியும்ல? ஆளாளுக்கு முடிவு பண்ணிட்டாங்க.

எங்க கொழுந்தனாரு அந்த நேரம் பாத்து வந்தாரு. எங்க வீட்டுக்காரரோட தம்பி. காலனிச் சங்கச் செயலாளர். நாங்க குடியிருக்கிறதே அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷன்லதான். "மதினி, என்ன சொன்னா அவ?"ங்கிறாரு. எனக்கு வாய் வரல. "வாயில சொல்ல முடியாத பேச்சு பேசியிருக்கா, பாருங்கய்யா, எங்க மதினி வாயே அடைச்சுப் போச்சு"ன்னு அவரே தெருவுக்குச் சொல்றாரு. "ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கேன், கண்டவங்களையும் காலனிக்குள்ள விட்டதோட பலன்"னாரு. நான் வேணாம்னுதான் தலைய ஆட்டினேன். ஆனா ஆட்டோ வந்துருச்சு. ஏத்திட்டாரு.

ஸ்டேசன்ல பெட்டிசன் எழுதுறதுக்கு ரைட்டர்னு ஒருத்தர். நல்ல மனுசன்தான், ஃபேன் பக்கத்துல உக்கார வச்சாரு. "என்னம்மா சொன்னா? வார்த்தையச் சொல்லுங்க. வார்த்தை இல்லாம செக்ஷன் நிக்காது"ன்னாரு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். என் கண்ணுல இருந்து தண்ணியாக் கொட்டுது. ரைட்டர் பாத்தாரு. "கௌரவமான குடும்பம், அந்த அசிங்கத்தை அவங்க வாயால சொல்ல மாட்டாங்க. விடுங்க, நானே போட்டுக்குறேன். எல்லா பெட்டிசன்லயும் அதேதான்"னாரு. ஒரு பழைய பெட்டிசனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அதைப் பாத்துப் பாத்து எழுதினாரு. பேரை மட்டும் மாத்தினாரு. நான் படிக்கலம்மா. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு.

ஆறு மாசம் கழிச்சு சம்மன் வந்தப்போ குமாஸ்தா நகல் கொடுத்தாரு. அப்பத்தான் படிச்சேன். மூணு வார்த்தை. முதல் வார்த்தை தே-ல ஆரம்பிக்கும். ரெண்டாவது என் பிறப்பைப் பத்தி. மூணாவது எனக்கு அர்த்தம் கூட முழுசாத் தெரியல. சத்தியமாச் சொல்றேன், அந்த மூணுல ஒண்ணு கூட சுந்தரி என்னைச் சொன்னதில்ல. பதினாறு வருசத்துல அவ திட்டாத திட்டு இல்ல, ஆனா ஒரு பொம்பளையோட ஒழுக்கத்தை இழுத்து அவ பேசி நான் கேட்டதே கிடையாது. மோட்டாரைக் கூட அப்படிப் பேச மாட்டா.

அரசு வக்கீல்கிட்ட மெதுவாக் கேட்டேன். "நான் சும்மா, அசிங்கமாத் திட்டினான்னு மட்டும் சொன்னாப் போதுமா சார்?" போதாதாம். கூண்டுல ஏறி, அந்த மூணு வார்த்தையையும் என் வாயால, ஜட்ஜுக்குக் கேக்குற மாதிரி சொல்லணுமாம். அப்பத்தான் கேசு நிக்குமாம். "அவ சொல்லலைன்னா?"ன்னு கேட்டேன். மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. "அப்போ பொய்ப் புகார் கொடுத்தீங்கன்னு உங்க மேல திரும்பும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட உங்க கொழுந்தனார் மேலயும் திரும்பும். யோசிச்சுப் பேசுங்கம்மா"ன்னாரு. எங்கிட்டு யோசிக்க? சொன்னா அவ பேரு லிஸ்டுல இருந்து அடிபட்டுரும். இப்பவே அவகூட இருந்தவங்க எல்லாரும் ரெகுலர் ஆயிட்டாங்க, கேசு இருக்குன்னு இவ ஆர்டரை மட்டும் நிறுத்தி வச்சிருக்காங்க. சொல்லலைன்னா நான் பொய்க்காரி, கொழுந்தனாரு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாரு, நெஞ்சு வலிக்காரரை வச்சுக்கிட்டு நான் எங்க போக?

சிரிக்காதம்மா, சொல்லிப் பழகிப் பாத்தேன். வீட்டுல குளிக்கிற ரூமுல குழாயத் திறந்து விட்டுட்டு. முதல் வார்த்தைய மெதுவாச் சொன்னேன். வந்துச்சு. ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமா. அது என் வாய்க்கு நல்லாப் பொருந்துது தாயி, அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. சுந்தரி எத்தனை வார்த்தை சொன்னாலும் எதுவும் குத்தாது. நான் ஒரு தடவை சொன்னேன், கண்ணாடியில என் மூஞ்சியப் பாக்க முடியல. வெளிய இருந்து அவரு கதவைத் தட்டுறாரு, "யாரை நாயகி திட்டுற?"ன்னு.

அவருகிட்ட மட்டும்தான் உண்மையச் சொன்னேன். உங்கிட்டயும் சொல்றேன். உன்னை நான் இனிமே எங்க பாக்கப் போறேன்?

அன்னைக்கு அவ வாளியப் பாத்தா. நிமிந்து என்னைப் பாத்தா. நான் திட்டுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஏ மூதேவி, ஏ எழவெடுத்தவளே, கேசரிய ஏண்டி கொட்டினன்னு கேப்பான்னு நினைச்சேன். கேட்டிருந்தா நானும் சர்க்கரை, நெய்யின்னு ஏதாவது சொல்லியிருப்பேன். அவ திட்டல. "அக்கா"ன்னா. மெதுவா, என் நல்ல காதுப் பக்கமா. "அக்கா, பதினாறு வருசத்துல ஒரு நாளாவது எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டா.

இருக்கீங்களான்னா. நீங்கன்னு என்னை அன்னைக்குத்தான் முதல் முதலாக் கூப்பிட்டா.

அவ்வளவுதான் அவ பேசினது. அதுல ஒரு கெட்ட வார்த்தை உண்டா, நீயே சொல்லு. ஆனா எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. நடுத்தெருவுல சேலைய உருவின மாதிரி இருந்துச்சு. அதை விட அவ அந்த மூணு வார்த்தையச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். அவருகிட்ட இதைச் சொன்னேன். பிறகு கேட்டாரு, "குடிச்சிருக்கியா, இல்லையா?" நான் சொன்னேன், "எனக்கு ஒத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?" அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அன்னையில இருந்து அவரும் என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுறதில்ல.

அவளும் திட்டுறதை விட்டுட்டா. அவ வக்கீல் சொல்லியிருப்பாரு போல, வாயத் திறக்காதன்னு. மோட்டாரைத் திட்டுறதில்ல, நாயத் திட்டுறதில்ல. தெருவே செத்துக் கிடக்கு. என்னைப் பாத்தா ஒதுங்கி வழி விடுறா. "போங்க"ங்கிறா. "பாத்து, படி இருக்கு, வாங்க"ங்கிறா. நான் சாயங்காலமானா ஜன்னல்கிட்டப் போயி நிப்பேன். செருப்புச் சத்தம் மட்டும் வரும். கேட்டைத் திறக்குற சத்தம் கேக்கும். உள்ள போயிருவா. ஒரு தடவை எங்க வாசல்ல வழுக்கி விழுந்து முட்டிய இடிச்சுக்கிட்டா, அப்பவும் வாயத் திறக்கல. எனக்கு அழுகை வந்துருச்சு. ஒரு "சனியனே"யாவது சொல்லக் கூடாதா? நான் குத்தம் சொல்லல. என்னைக் கூட வேணாம், அந்தப் படிக்கட்டையாவது சொல்லியிருக்கலாம்ல?

இதைக் கூண்டுல சொல்ல முடியுமா? அவ என்ன சொன்னாம்மா? தண்ணி குடிச்சிருக்கீங்களான்னு கேட்டாய்யா. நீங்க என்ன சொன்னீங்க? அங்க ஆம்பளைங்க இருக்காங்க, வக்கீலுங்க இருக்காங்க, எங்க கொழுந்தனாரு முன்பெஞ்சுல உக்காந்திருக்காரு. ஊரு உலகம் என்ன நினைக்கும்? நான் அந்த மாதிரி ஆளுன்னு நினைச்சிருவாங்க. நான் அந்த மாதிரி ஆளே இல்லம்மா. அவுக ஆளுகள்ல அவ ஒருத்தியத்தான் நான் நடுவீடு வரைக்கும் விட்டிருக்கேன்.

ஆமா, நீ சொல்லவே இல்லையே. மேலத்தெருவா, கீழத்தெருவா?

சரி, சொல்ல வேணாம். ஏன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? சும்மா கேட்டதுதான்.

பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு. உள்ள போயி வாய் எழும்புமான்னு தெரியல. அந்த மூணு வார்த்தை நாக்கு நுனியில நிக்குது, அவ கேட்ட கேள்வி நெஞ்சுக்குழியில நிக்குது. நடுவுல நான் எதை...

யாரு? யாரு கத்துறது? என்ன சொல்றா?

கேட்டியா? கேட்டியாம்மா? என்னையத்தான்! "ஏ எழவெடுத்தவளே, செவிடு, மூணு தடவையாக் கூப்பிடுறான், போய்த் தொலையேன்"ங்கிறா! சுந்தரிதான். அங்க இருந்து கத்துறா பாரு, ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு. டவாலி கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல. நான் போகலைன்னா அவளுக்குத்தானே நல்லது? கிறுக்கி. கிறுக்கி! ரெண்டு வருசமாச்சு தாயி, ரெண்டு வருசம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு, கையப் பாரு.

இந்தா வர்றேன்! வர்றேங்க.

கொழுந்தனாரு ஓடி வர்றாரு. என்ன... ஆமா. கேட்டேன். கேட்டேங்க. எல்லாரும்தான் கேட்டிருப்பாங்க. சாட்சியா? எதுக்கு... கோர்ட்டு வாசல்லயே திட்டிட்டாளா... இல்ல, அது அவ... அது எனக்காக... சரி. சரிங்க. நீங்க முன்னாடி போங்க, வர்றேன்.

கேட்டியா அவரு சொன்னதை? இப்ப இத்தனை பேரு முன்னாடி திட்டியிருக்கா, இனிமே அந்த மூணையும் சொன்னா யாரும் நம்பாம இருக்க மாட்டாங்களாம். மதினி, நம்ம அதிர்ஷ்டம்ங்கிறாரு. அவளைப் பாரு, இன்னும் அங்கயே நிக்குறா, வாயப் பொத்திக்கிட்டு. இப்பத்தான் அவளுக்கே தெரியுது, என்ன பண்ணிட்டோம்னு.

நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல தாயி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அந்தப் பாட்டிலக் கொடு. சீக்கிரம் கொடு.

இல்ல. இந்தாம்மா, வச்சுக்கோ. மூடியத்தான் திறந்தேன். வாய் வைக்கல.